முகப் பொருத்தம்

மெக்கானிக்கின் முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

ஏற்பு இயக்ககத்தின் மூன்றாவது மாடியில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்து அவர் முகத்தைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்கள். கண் டாக்டர்கூட அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. இடப் பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினார். வலப் பக்கம் திரும்பச் சொன்னார்கள், அதற்கும் திரும்பினார். பச்சை குத்தியிருக்கிறதா என்று சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார்கள். தடுப்பூசி போட்ட வடு ஒன்றுதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்துவிட்டு, தேறாது என்று விட்டுவிட்டார்கள்.

சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களை ஊர் உலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்ட துறை அது. எண்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிறைக்குப் போனவர் இல்லை. போகக்கூடும் என்று சந்தேகம் எழுந்த இரண்டு பேரையும் சென்ற வருஷமே வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மெக்கானிக் ஐந்து வருஷம் உள்ளே இருந்தவர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இந்த அலுவலகத்துக்கு வந்து, தரைத்தளத்துக் குமாஸ்தாவிடம் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விடுதலையின் நிபந்தனை. அந்த மாதம் அவர் பேனாவை எடுத்தபோது குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல், "மேல போங்க, உங்களை ஏத்துக்கப் போறாங்க" என்றார். கூடவே ஒரு படிவமும் கொடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. துறையின் போஸ்டர் பிரசாரத்துக்குத் தாமாக முன்வருபவர்கள் முதல் கட்டத்தில் குறியிட வேண்டும். முன்வராதவர்கள் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, காரணத்தை மூன்று பிரதிகளில் இணைக்க வேண்டும். இதற்கும் அவருக்கு வரவேண்டிய நன்னடத்தைச் சான்றிதழுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று குமாஸ்தா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது மெக்கானிக்குக்குச் சம்பந்தம் புரிந்துவிட்டது. தாமாக முன்வந்தார்.

அன்றைக்குப் பதினொரு பேர் முன்வந்திருந்தார்கள். ஒருவர் பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தார், ஏனென்றால் அவர் பேங்க் மேனேஜராக இருந்தவர். ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தேர்வுக் குழுவில் ஒருவர் தன் முழங்கால் வலியைச் சொல்லி மருந்து கேட்டார். பரீட்சைத் தாளை வெளியே விட்ட ஒரு தலைமை ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் குழு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன பிரசாரம் பண்ணுவது? இயக்குநர் அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. கைதிகளின் தரமே இறங்கிவிட்டது என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

அப்போதுதான் மெக்கானிக் கொட்டாவி விட்டார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது தெரிந்தது. ஒன்பது வயதில் தண்ணீர்க் குழாயில் வாய் மோதி உடைந்த பல். விளம்பர ஆலோசகர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் குறுந்தாடி என்றுதான் சொல்வார்கள். "பல்லு கிடைச்சிருச்சு மேடம்" என்றார், ஒரு நிம்மதியோடு.

அடுத்ததாக, என்ன குற்றம் என்று கேட்டார்கள். மெக்கானிக் மறைக்காமல் சொன்னார். அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நாலு மாடித் தையல் கூடம் ஒன்றில் லிப்ட்டின் பிரேக்கைச் சோதிக்க வேண்டிய நாளில், சோதிக்காமலே சோதித்துவிட்டதாக அட்டையில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு இன்னும் எட்டுக் கட்டிடம் பாக்கி இருந்தது. கிளம்பினால் போதும் என்றிருந்தது. மூன்றாம் நாள் லிப்ட் நிற்காமல் இறங்கியது. உள்ளே இருந்த தையல்காரப் பெண் இறந்துபோனாள். இருபத்தாறு வயது. கோர்ட்டில் அவர் எதையும் மறுக்கவில்லை.

குறுந்தாடியின் முகம் தொங்கிவிட்டது. ஒரு பைலைப் புரட்டினார். எந்தெந்தக் குற்றத்தை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று துறை கணக்கெடுத்து வைத்திருந்தது. பசிக்குத் திருடியவனை நூற்றுக்கு எழுபது பேர் ஏற்றார்கள். தங்கையைக் கிண்டல் செய்தவனைக் குத்தியவனை அறுபத்தைந்து பேர் ஏற்றார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் பட்டியலிலேயே இல்லை. கணக்கெடுக்கப் போனவர்கள் அதைக் கேட்கச் சங்கடப்பட்டார்களாம், அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மனசு கஷ்டப்படும் என்று.

"லிப்ட்டுக்கெல்லாம் யாரும் அழ மாட்டாங்கண்ணே" என்றார் குறுந்தாடி. "பசியில அழுத கைக்குழந்தைக்காக ஒரு பால் பவுடர் டப்பா திருடினீங்க. அப்படி வச்சுக்குவோம்."

ஒரு டப்பாவுக்கு ஐந்து வருஷம் போடுவார்களா என்று மெக்கானிக் கேட்டார். மக்கள் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை என்று அவரைச் சமாதானப்படுத்தினார்கள். அவருக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது. ஆனால் சான்றிதழ் ஞாபகம் வந்தது. மகளை அடுத்த வருஷம் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும், விண்ணப்பத்தோடு அதையும் கேட்பார்கள் என்று அவர் மனைவி எங்கேயோ விசாரித்து வைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டார். பிற்பாடு அந்த நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

போட்டோ எடுக்கும் நாளில், இடது கன்னத்தில் ரப்பர் பசையால் தழும்பு ஒட்டினார்கள். கழுத்தில் தேள் வரைந்தார்கள். கறுப்புப் பட்டை போட்ட உடுப்பு ஒன்று கொடுத்தார்கள். உள்ளே வெள்ளைதான் கொடுப்பார்கள் என்று மெக்கானிக் சொன்னதற்கு, வெள்ளை போட்டால் கம்பவுண்டர் என்று நினைத்துவிடுவார்கள் என்றார் போட்டோக்காரர். கம்பிக்கு எங்கே போவது என்று தேடி, கடைசியில் ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் அவரை நிறுத்தினார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு விளம்பரக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் நல்ல பற்கள். அந்த அம்மா கையை நீட்ட வேண்டும், மெக்கானிக் கம்பி வழியாக நீட்ட வேண்டும். விரல்கள் நெருங்கி வந்தபோது இயக்குநர் அம்மா தடுத்தார்.

"தொட வேண்டாம். ஏத்துக்கற மாதிரி இருந்தா போதும்."

இரண்டு விரற்கடை இடைவெளியில் படம் எடுத்தார்கள். 'பயப்படாதீர்கள், இவரும் மனிதர்தான்' என்று மேலே பெரிதாகவும், கீழே பால் பவுடர் கதையைச் சிறிதாகவும் எழுதி, ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

அதுவரைக்கும் மெக்கானிக் தன் தெருவில் பேன் ரிப்பேர்காரர். ஒரு சின்னக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் ஒரே ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுபடி பேச்செடுக்காதவர். மற்ற யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கீழ்வீட்டு டீச்சர் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை இவர்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்.

தழும்பையும் தேளையும் மீறி உடைந்த பல்லைத் தெரு அடையாளம் கண்டுகொண்டது. டீச்சர் வந்து, சாவியில் துருப் பிடித்திருக்கிறது, எண்ணெய் போட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார். எண்ணெய் போட்ட சாவி திரும்பி வரவில்லை. மளிகைக் கடையில் பால் பவுடர் டப்பாக்களைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். நல்ல மனசுக்காரர்களும் இல்லாமல் இல்லை. எங்கிருந்தெல்லாமோ தேடி வந்து, கடை வாசலில் டப்பாவை நீட்டி, அவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் முப்பத்தேழு டப்பா சேர்ந்தது. வீட்டில் கைக்குழந்தை கிடையாது. மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்பவள், அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கே எடுத்தது என்று கேட்டார்கள்.

மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கைக்குழந்தை நீதானா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நீங்க உள்ள போனப்ப எனக்குப் பத்து வயசுப்பா. பத்து வயசுல நான் பால் பவுடரா குடிச்சேன்? என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டா நான் உள்ளத சொல்லிப் பழகியிருந்தேன். இப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றாங்க."

வீட்டுக்காரர் மட்டும் நேரிடையாகப் பேசினார். தான் மெக்கானிக்கை முழு மனதோடு ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் மனசு வேறு, மாடி போர்ஷன் வேறு என்றும், இரண்டு மாதத்துக்குள் காலி செய்தால் நல்லது என்றும் சொன்னார்.

மெக்கானிக் இயக்குநர் அம்மாவைப் பார்க்கப் போனார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு உள்ளே விட்டார்கள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அம்மா சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். கோடு மேலே மேலே ஏறியிருந்தது. முன்னாள் கைதிகளை ஏற்பீர்களா என்று மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். 'ஆம்', 'மிகவும் ஆம்' என்று இரண்டு விடை கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு பேர் ஏற்றிருந்தார்கள். அவருடைய வீட்டுக்காரர் 'மிகவும் ஆம்'.

கீழே வாட்ச்மேன் வேலை காலியிருப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, குற்றப் பின்னணி இல்லாதவர்கள் மட்டும் என்று போட்டிருக்கிறதே, அது ஏன் என்று மெக்கானிக் கேட்டார். கேட்கலாமா கூடாதா என்று யோசித்துத்தான் கேட்டார்.

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களை ஏத்துக்க வேண்டியது சமூகம். நாங்க சமூகம் இல்ல, டிபார்ட்மென்ட்."

இதற்கு மறுநாள் காலையில் கடைக்கு ஒரு ஆள் வந்தார். ரிப்பேருக்கு எதுவும் கொண்டுவரவில்லை. காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை. பின்னறை வாசலில் வந்து நின்றதும் மெக்கானிக் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள். இறந்துபோன தையல்காரப் பெண்ணின் அண்ணன்.

கண்டக்டர் சத்தம் போடவில்லை. எதிர்ப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தைக் கை காட்டினார். போஸ்டர் அங்கேயும் இருந்தது.

"தினம் எட்டுத் தடவ என் பஸ் இந்த வழியாப் போவுது. எட்டுத் தடவையும் பாக்கறேன். நீ வெளிய வந்தது எனக்குக் கோவமில்ல, கோர்ட்டு சொன்னத அனுபவிச்சுட்ட. ஆனா டப்பா திருடினேன்னு போட்டிருக்கு. அப்ப என் தங்கச்சி எப்படிச் செத்தா?"

கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார், கண்டக்டர் உட்காரவில்லை. அடுத்த பஸ் வருவதற்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அன்றைக்கு மெக்கானிக் மூன்று மோட்டாருக்குக் காயில் தப்பாகச் சுற்றினார். தன் உடம்பின்மேல் வேறு யாருடைய அழுக்கோ அப்பியிருப்பது போலவும், அதைத் தானே தேய்த்துக்கொண்டது போலவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஏற்பு விழா. பெரிய அரங்கம். வந்தவர்கள் பாதுகாப்பாக ஏற்றுக்கொள்வதற்காக, கைப்பை, கடிகாரம், செயின் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தார்கள். முன்னாள் கைதிகளுக்கு ரிப்பன் கட்டித் தனி இடம். விசில் அடித்ததும் பொதுமக்கள் ரிப்பனைத் தாண்டி வந்து எட்டு விநாடி கட்டிப்பிடிக்க வேண்டும், மறு விசிலுக்கு விட்டுவிட வேண்டும். மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தவர் ஒரு கையால்தான் பிடித்தார்; இன்னொரு கை தன் பின் பாக்கெட்டின்மேல் இருந்தது. திரும்பிப் போகும் வழியில் கை கழுவும் மருந்து வைத்திருந்தார்கள்.

இயக்குநர் அம்மா பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர்.

"இவங்களை நாம வெறுக்கக் கூடாது. வெறுக்கத் தோணும். எனக்கே தோணுது. தினம் காலையில ஆபீஸ் வாசல்ல இவங்களப் பாக்கறப்ப தோணுது. ஆனா நான் அடக்கிக்கறேன். அந்த அடக்கத்துக்குப் பேர்தான் ஏற்பு. இந்த வருஷம் நாப்பதாயிரம் பேரை ஏத்துக்கிட்டோம். ஜெயில்ல இருந்து வந்ததே ஆறாயிரம் பேர்தான். இலக்கைத் தாண்டிட்டோம்."

கைதட்டல் அடங்கியதும் மெக்கானிக்கை மேடைக்குக் கூப்பிட்டு, பேச வேண்டியதை எழுதிய ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். குழந்தை அழுத இடத்தில் நிறுத்தி, தொண்டை அடைக்க வேண்டும் என்று அதில் அடிக்குறிப்பு இருந்தது. அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் டப்பா எதுவும் திருடல" என்றார். "லிப்ட் பிரேக்கைப் பாக்காம, பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். அதுல ஒரு பொண்ணு செத்துப்போச்சு." அந்தப் பெண்ணின் பெயரையும், வயதையும், அவள் வேலை பார்த்த தையல் கூடத்தின் பெயரையும் சொன்னார். "என்னை ஏத்துக்கறதுன்னா இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஏத்துக்குங்க. இல்லன்னா வேணாம்."

அரங்கத்தில் யாரும் கை தட்டவில்லை. முதல் வரிசையில் ஒரு அம்மாள், அப்படியானால் தான் கொண்டுபோய்க் கொடுத்த டப்பா என்ன ஆயிற்று என்று பக்கத்தில் விசாரித்தார். இன்னொருவர், தான் கட்டிப்பிடித்தது செல்லுமா செல்லாதா என்று கேட்டார். மைக் அணைந்தது. மேடைப் படியில் குறுந்தாடி அவர் முழங்கையைப் பிடித்து, "உண்மை பேசறதுக்கு ஒரு இடம் இல்லையாண்ணே" என்றார். குறுந்தாடிக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை குமாஸ்தா ஒரு கடிதம் கொடுத்தார். பிரசாரத்தின் கருப்பொருளுக்குப் புறம்பான உண்மையைப் பொது மேடையில் கூறியதால் மெக்கானிக் பிரசாரத்திலிருந்து நீக்கப்படுவதாகவும், அவரது நன்னடத்தை மறுபரிசீலனையில் இருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது.

போஸ்டர்களைக் கிழித்தார்கள். கடைக்கு எதிரில் இருந்ததைக் கிழித்தபோது கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தார். கடைசித் துண்டு சுவரை விட்டு வந்ததும் ஏறிக்கொண்டு விசில் கொடுத்தார். கடைப் பக்கம் திரும்பவில்லை. மெக்கானிக்கும் அதை எதிர்பார்க்கவில்லை.

கிழித்த இடத்தில் புதுப் போஸ்டர் வந்தது. உண்மையான கைதிகளை நம்ப முடியாது என்று துறை முடிவெடுத்து, இந்த முறை ஒரு நாடக நடிகரைப் பிடித்துவிட்டது. அவருக்குக் கன்னத்தில் நிஜமாகவே ஒரு தழும்பு இருந்தது, கல்லூரி நாளில் சைக்கிளிலிருந்து விழுந்தது. நாடகங்களில் இவருக்குச் சின்ன வேஷம்தான் கிடைக்கும். மற்ற நேரத்தில் வீட்டில் குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்தவரில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் ஒரு மிக்சியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மிக்சியில் ஒரு கோளாறும் இல்லை. கடைக்காரர் அதைச் சொன்னதும் பின்னறைக்கு வந்து மெக்கானிக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். படம் வரைய வந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கிறது. தான் கைதி இல்லை என்று துறையிடம் ஒரு சான்றிதழ் கேட்டிருக்கிறார். கைதி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கைதிகளின் மனம் புண்படும், அது துறையின் கொள்கைக்கே விரோதம் என்று மறுத்துவிட்டார்கள். வேண்டுமானால் அடுத்த ஏற்பு விழாவில் அவரையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்களாம்.

"நீங்க எப்படிங்க தாங்கினீங்க?" என்று கேட்டார்.

"நான் செஞ்சதுக்கு எனக்கு வந்தது. அதைத் தாங்கித்தான ஆகணும்" என்றார் மெக்கானிக். "உங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

இருவருக்கும் வீடு வேண்டியிருந்தது. ஊருக்கு மறுகோடியில் ஒரு வீட்டில் இரண்டு போர்ஷன் காலியிருப்பதாகக் கடைக்காரர் விசாரித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருமாகப் போனார்கள். மனைவியும் மகளும் கீழே தெருவில் நிற்க, ஆண்கள் இருவரும் மாடியேறினார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். வயசானவர், மரியாதை தெரிந்தவர். நடிகரைப் பார்த்ததும் பார்வை கன்னத்தில் நின்றது. பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். பசைத் தழும்பும் தேளும் இல்லாத முகம் அவருக்கு எதையும் நினைவூட்டவில்லை. மெக்கானிக்கை மட்டும் உள்ளே கூப்பிட்டு இரண்டு அறையையும் காட்டினார். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. ஜன்னலில் வெயில் விழுந்தது. மகள் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இருந்தது. மெக்கானிக்குக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்காரர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, குரலைத் தாழ்த்தி, உங்களுக்குத் தருகிறேன், கூட வந்திருக்கிறவருக்கு மட்டும் வேண்டாம் என்றார்.

மெக்கானிக் மறைக்காமல் சொன்னார். ஜெயிலுக்குப் போனது அவரில்லை, நான்தான், ஐந்து வருஷம், ஒரு பெண் செத்ததற்காக. வெளியே நிற்கிறவர் நடிகர், ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவர்.

வீட்டுக்காரர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் தட்டிக் கொடுத்தார்.

"சிநேகிதனுக்காக இப்படிப் பழியைத் தலைமேல போட்டுக்கறீங்களே, நீங்க ரொம்பப் பெரிய மனுஷர். ஆனா என்னை ஏமாத்த முடியாது. கைதி எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக் கத்துக்கொடுத்திருக்காங்களே."

மெக்கானிக் இன்னொரு தடவை சொன்னார், கோர்ட்டு, தேதி, எல்லாவற்றையும். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வாசல் பக்கம் பார்த்தபோது நடிகர் அங்கே இல்லை. ஒரு கையால் கன்னத்தை மூடிக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தார்.

மெக்கானிக் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இங்கேயும் விஷயம் தெரிந்துவிட்டதா, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"நான் ரொம்ப நல்லவன்னு சொல்லிட்டாரு" என்றார் மெக்கானிக். "வா, வேற தெரு பாப்போம்."